எட்ஜ் பாலிஷுக்கு ஒரு பொது ஷெட்

நெமிலி, பனப்பாக்கம், காவேரிப்பாக்கம், ஓச்சேரிப் பக்கம் கிரானைட் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், அவர்களிடம் கட்டிங், எட்ஜ் பாலிஷ் வேலை பார்க்கும் தம்பிமாருக்கும்,



ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் என்னை நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த சி.என்.சி. மெஷின் போட்டா கட்டுப்படியாகுமாப்பா?" ஓசூர்ப் பக்கம் ஏற்றுமதிக்குச் சமையல் மேடை செய்யும் ஆலையில் அந்த மெஷினை ஓட்டிப் பிழைப்பவன் என்பதால் கேட்கிறீர்கள். டீக்கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிக் கடைக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு கடை சேர்ந்து ஒரு ஷெட் போட்டால் ஆகும். அப்படிச் சேர்வதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது தம்பிமாரின் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது.

வேலை இனி குறையப்போவதில்லை. பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அதே வருஷம் டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கும் அங்கேயே அடிக்கல் விழுந்தது. ஆலை வந்தால் வாடகை வீடு வரும், வாடகை வீட்டுக்கு மாடி வரும், மாடிக்குப் படியும் சமையல் மேடையும் வரும். எல்லாவற்றுக்கும் கல் உங்களிடமிருந்துதான் போகவேண்டும். கல்லின் முகத்தை ஆலையே பாலிஷ் போட்டு அனுப்பிவிடுகிறது. கடைக்கும் பையன்களுக்கும் மிஞ்சுவது விளிம்பு. ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று பேசி, உங்கள் கை வாங்குகிற கூலி முழுக்க அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்த ஓரம் இன்று எப்படிப் போடப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், வீட்டுக்காரர் யாராவது இதைப் படிக்கக்கூடும். ஸ்லாப் வீட்டு வாசலில் இறங்கும். பூச்சு வேலை முடிந்த ஹாலுக்குள்ளேயே இரண்டு கட்டையின்மேல் படுக்கவைத்து அறுப்பார்கள். பிறகு, அறுத்த அதே ஏஜி-4 கை மெஷினில் பாலிஷ் பேடை மாட்டி விளிம்பைத் தேய்ப்பார்கள், தண்ணீர் இல்லாமல். வெள்ளைப் புகை மண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டிய பையன், மாலையில் தலைமுடி நரைத்த கிழவனாக வெளியே வருவான். அறுத்த தூளைப் பெருக்குகிறவர் பெரும்பாலும் சித்தாள் பெண். அவருக்குக் கைக்குட்டையும் கிடையாது.

தூசியை விடுங்கள், பாலிஷ் என்ற அளவிலேயே இது மோசமான வேலை. பாலிஷ் என்பது கீறலைச் சின்னதாக்கிக்கொண்டே போவது. 50-ஆம் நம்பர் பேடு போட்ட கீறலை 100 எடுக்கவேண்டும், 100 போட்டதை 200, பிறகு 400, 800, 1500, 3000. கடைசிக் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்ததும் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. பளபளப்பு என்பது அவ்வளவுதான். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால், முந்தைய கீறல் அப்படியே உள்ளே நின்றுவிடும். 3000 வரை போனாலும் அது போகாது. அவசரத்தில் இரண்டு நம்பரைத் தாண்டிவிட்டு, கருப்புக் கல்லுக்குக் கருப்பு மையும் மெழுகும் தடவி ஒப்பேற்றுவது நம் தொழிலில் ரகசியம் இல்லை. ஆறு மாதம் பாத்திரம் கழுவிய பிறகு மை போய்விடும், கீறல் எட்டிப் பார்க்கும்.

ஏஜி-4 நிமிஷத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். அது அறுக்கவும் அரைக்கவும் செய்த மெஷின். பிசினில் வைரத்தூளைக் கலந்து செய்த பாலிஷ் பேடு, 4,500 சுற்றுக்கு மேல் தாங்காது. இரண்டையும் சேர்த்தால் பிசின் எரியும். அந்த வாசனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எரிந்த பிசின் கல்லில் அப்பிக்கொண்டு புகைபிடித்த மாதிரி நிறம் காட்டும், அதை எடுக்க மறுபடி 200-இலிருந்து வரவேண்டும். வேகம் குறைத்து வைக்கிற ஈரப் பாலிஷர் என்று தனி மெஷினே இருக்கிறது. நம் பக்கத்துக் கடைகளில் அது அரிது.

இனி நீங்கள் கேட்ட மெஷினுக்கு வருகிறேன். சி.என்.சி.யில் கல் அசையாது, கருவிதான் நகரும். மேசைமேல் ரப்பர் விளிம்பு வைத்த வேக்குவம் கப்புகள் கல்லை அடியிலிருந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மேடையின் வடிவத்தைக் கணினியில் வரைந்து கொடுத்தால், அந்தக் கோட்டின் மேலேயே சக்கரம் ஓடும். சக்கரங்கள் ஒரு வரிசையாக மெஷினிலேயே மாட்டியிருக்கும். ஒன்றை முடித்து வைத்துவிட்டு அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். வழக்கமான வரிசை ஏழு. முதல் மூன்று உலோகப் பிடிப்புள்ள வைரச் சக்கரம். கல்லைக் கடித்து வடிவம் கொடுப்பது அவை. மீதி நான்கு பிசின் பிடிப்பு, பளபளப்பு ஏற்றுவது. பிசின் சக்கரம் வரும்போது வேகம் தானாக இறங்கும். தண்ணீர் சக்கரத்தின் நடுவிலிருந்தும் வெளியிலிருந்தும் கொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்றால் மெஷினும் நிற்கும்படி வைத்திருப்பார்கள். ஒரு நம்பரைத் தாண்டலாமா என்று அது யோசிப்பதில்லை. என் பார்வையில் அதன் முதல் நல்ல குணம் அதுதான்.

மெஷின் தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விற்பனைக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். சக்கரம் தேயும். தேயத்தேய விட்டம் குறையும், அதை அளந்து கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் நான்காவது சக்கரம் கல்லைத் தொடாமல் காற்றில் சுற்றிவிட்டு வரும், ஐந்தாவதின் தலையில் இரண்டு பேர் வேலை விழும். அடுத்தது கனம். விளிம்பை முழுசாகவோ பாதியாகவோ வளைத்துக் கொடுக்கும் ஃபுல் நோசிங், ஹாஃப் நோசிங் சக்கரங்கள் ஒரு குறிப்பிட்ட கனத்துக்கென்று குழிவெட்டிச் செய்தவை. ஏற்றுமதிக் கல் 2 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் என்று கட்டுப்பாட்டோடு வரும். நம் கடைக்கு வரும் ஸ்லாபோ ஒரு முனையில் 18 மில்லிமீட்டர், மறுமுனையில் 16. கை அதை உணர்ந்து சரிக்கட்டும். சக்கரம் சரிக்கட்டாது, ஒரு பக்கம் வளைவு முழுசாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் வந்து நிற்கும். சி.என்.சி. வாங்குகிறவர் ஸ்லாப் வாங்கும் இடத்தையும் மாற்றவேண்டியிருக்கும் என்பதை யாரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை.

உண்மையில் உங்கள் வேலையில் பெரும்பகுதிக்கு சி.என்.சி. தேவையே இல்லை. சமையல் மேடை, படி, ஜன்னல் அடிக்கல் என்று பார்த்தால் முக்கால்வாசி நேர்க்கோடு. அதற்கு லைன் எட்ஜ் பாலிஷர் போதும். அதில் கல் பெல்ட்டில் நகரும், வரிசையாக நிற்கும் தலைகள் ஒவ்வொரு நம்பராக அதன் விளிம்பைத் தேய்த்து அனுப்பும். நேர் விளிம்பும், ஓரத்தைச் சரித்துச் சீவும் சாம்ஃபரும் அருமையாக வரும், விலையும் சி.என்.சி.க்குப் பக்கத்தில் வராது. அதனால் முடியாதது உள்வளைவு: சிங்க்கைக் கல்லுக்கு அடியில் பதிக்கும்போது, வெட்டிய ஓட்டையின் உள்விளிம்பு முழுக்கக் கண்ணில் படும். அந்த உள்மூலையைப் பாலிஷ் போட சி.என்.சி.க்கு ஈடு இல்லை. இப்போதைக்கு நம் ஊரில் அப்படி சிங்க் கேட்பவர் கொஞ்சம். கார் ஆலை மேலாளர்கள் வீடு கட்டத் தொடங்கினால் கேட்பார்கள்.

சாம்ஃபர் என்றதும் ஒன்று. மகேந்திரவாடிக்குப் போயிருக்கிறீர்கள்தானே? நம் நெமிலி வட்டத்திலேயே, ஏரிக்கரையோரம், ஒற்றைப் பாறையைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த பெருமாள் கோயில். தூணைக் கவனித்துப் பாருங்கள். அடியிலும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. சதுரத்தின் நாலு மூலையையும் சரித்துச் சீவினால் எட்டுப் பட்டை. இன்று ரன்னிங் அடிக் கணக்கில் நீங்கள் போடுகிற சாம்ஃபரை உளியால் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு கெட்டியான கல்லில். இந்த வட்டத்துக்காரன் கிரானைட் ஓரத்தில் கை வைத்து 1,400 வருஷம் ஆகிறது என்று நான் ஓசூரில் பீற்றிக்கொள்வதுண்டு.

ஆனால் உளி கிளப்பும் தூசி வேறு, நிமிஷத்துக்கு 11,000 சுற்று கிளப்பும் தூசி வேறு. சுற்று ஏற ஏறத் தூள் பொடியாகும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமித் துப்பிவிடலாம். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூளில்தான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தத் துகள், நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்த் தங்கிவிடும். கிரானைட்டில் சாதாரணமாகக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. பல கருப்புக் கற்களில் இது மிகக் குறைவு. வெளிர் கற்களில் அதிகம். நுரையீரல் அதைக் கரைக்க முடியாமல் சுற்றிலும் தழும்பு கட்டும். அதன் பெயர் சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரலாம். வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். தூசி அடர்த்தியாக இருந்தால் ஐந்துக்குள்ளேயே வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

இன்னொன்றும் கடைக்குள் வந்துகொண்டிருக்கிறது: "குவார்ட்ஸ் ஸ்லாப்" என்று விற்கிற செயற்கைக் கல். அதில் சிலிக்கா பத்தில் ஒன்பது பங்கு வரை. அதை அறுத்த இளம் தொழிலாளருக்கு வரிசையாக நோய் வந்ததும், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. பணக்கார நாடு, எல்லா மெஷினும் உள்ள நாடு, கட்டுப்படுத்திப் பார்த்து முடியாமல் விட்ட கல் அது. அதை நம் பையன் ஹாலுக்குள் உட்கார்ந்து உலரத் தேய்ப்பான் என்றால் எனக்குப் பேச்சு வரவில்லை.

இங்கே தம்பிமார் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "தண்ணி ஊத்தினா ஷாக் அடிக்குதுண்ணே." உண்மைதான். 230 வோல்ட் கை மெஷின், ஒட்டுப்போட்ட ஒயர், ஈரத் தரை: தண்ணீர் ஊற்று என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவன் உங்களை நுரையீரல் நோயிலிருந்து காப்பாற்றி மின்சாரத்தில் கொல்கிறான். கட்டி முடியாத வீட்டின் தற்காலிக மின்சாரத்தில், மின்கசிவு கண்டதும் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஈர வேலை செய்யவே கூடாது. அந்தச் சின்னப் பெட்டியைக் கடைக்காரர் வாங்கி, பையன் கையில் மெஷினோடு சேர்த்துக் கொடுத்தனுப்பலாம். காற்றழுத்தத்தில் ஓடும் பாலிஷரில் மின்சாரமே கைக்கு வராது, ஆனால் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸரை வீடு வீடாகத் தூக்க முடியாது. ஆக எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். விளிம்பு வேலையை வீட்டிலிருந்து எடுத்து ஷெட்டுக்குக் கொண்டுவரவேண்டும். மேடையின் அளவைப் பலகையில் வெட்டி எடுத்து வாருங்கள், அறுத்து, ஓரம் போட்டு, கழுவி, வீட்டுக்கு முடிந்த கல்லாக அனுப்புங்கள். சுவர் கோணலாக இருக்கிற இடத்தில் ஒரு வெட்டு, குழாய்க்கு ஒரு ஓட்டை என்று வீட்டில் செய்ய மிஞ்சுவது கொஞ்ச வேலைதான், அதைச் சொட்டுத் தண்ணீரோடு வாசலில் வைத்து முடித்துவிடலாம்.

சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்கவேண்டாம். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய் என்று பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்றது. 2020-இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. இரண்டு பையனும் ஒரு மேஸ்திரியும் உள்ள உங்கள் கடை எந்தக் கணக்கிலும் வராது. அதனால் தம்பிமார் தாங்களே செய்துகொள்ளவேண்டியவை சில உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் வாலாஜா அரசு மருத்துவமனையிலோ வேலூரிலோ மார்பு எக்ஸ்ரே எடுத்து, படத்தைப் பத்திரமாக வையுங்கள். டாக்டரிடம் "கல்லு தேய்க்கிற வேலை" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இந்தத் தழும்பைக் காசநோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவது நாடெங்கும் நடக்கிறது. சிலிக்கா தின்ற நுரையீரலில் காசநோய் சுலபமாகத் தொற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு.

ஈரமாகச் செய்தால் தூசி சேறாகிவிடும். சேறு எங்கே போகும்? இந்தக் கேள்வியை ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரன் கேட்காமல் விட்டால் வேறு யார் கேட்பது. தோல் தொழில் பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் ஓடக்கூடாது என்றது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணில் உறுதிப்பட்டதில் நம் வேலூர் வழக்குக்குப் பெரிய இடம் உண்டு. அப்புறமும் 2015 ஜனவரி கடைசியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கல் சேற்றில் குரோமியம் கிடையாது, அந்த அளவுக்கு விஷமில்லை. ஆனால் கால்வாயில் விட்டால் சிமெண்ட் பூசிய மாதிரி அடைத்துக்கொள்ளும். ரோட்டோரம் கொட்டினால் காய்ந்து மறுபடி அதே சிலிக்காத் தூசியாகப் பறக்கும். கொசஸ்தலையில் விட்டால் பூண்டி ஏரி வரை அது நம் கையெழுத்தைச் சுமந்து போகும், அங்கிருந்து சென்னையின் குடிதண்ணீர். செய்யவேண்டியது கஷ்டமும் இல்லை. மூன்று அறைத் தொட்டி கட்டினால் முதல் அறையில் கனத் தூள் தங்கும், மூன்றாவதில் தெளிந்த தண்ணீர் மறுபடி மெஷினுக்கே போகும். அள்ளிய சேற்றை ஈரம் காயுமுன் மூடி வைத்து, செங்கல் சூளைக்கு அனுப்பலாம். தொட்டி தரைக்குக் கீழே இருக்கட்டும், மேலே சுவர் எழுப்ப வேண்டாம். ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

தனித்தனியாக ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு கம்ப்ரஸர், ஆளுக்கொரு லைன் பாலிஷர் என்றால் யாராலும் முடியாது. தோல்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கோர்ட்டு கழுத்தைப் பிடித்த பிறகு, போட்டிக் கம்பெனிகளே சேர்ந்து பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிக்கொண்டன. நம்மிடம் இன்னும் யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. சிறு தொழில் கூட்டமைப்புகள் பொது வசதி மையம் அமைக்க மத்திய, மாநில அரசுகளின் மானியத் திட்டங்கள் இருக்கின்றன, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இன்றைய விகிதத்தைச் சொல்வார்கள். மானியம் வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். முதலில் ஷெட், தொட்டி, ஈரக் கட்டிங் மேசை, பழைய லைன் பாலிஷர் ஒன்று. சி.என்.சி. கடைசியாக வரட்டும். ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று ஷெட் வாங்கும், கடை தன் லாபத்தை வைத்து வாடிக்கையாளரிடம் வாங்கும். வாடிக்கையாளர் யாரென்று ஷெட்டுக்குத் தெரியவேண்டியதில்லை. ஒருவர் வாடிக்கையை இன்னொருவர் இழுத்துவிடுவார் என்ற பயம்தான் உங்களைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது. ஸ்லாபில் கடைப் பெயருக்குப் பதிலாக நம்பர் எழுதினால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு என்னிடம் வழி இல்லை, அது உங்களுக்குள் பேசித் தீரவேண்டியது.

வீட்டுக்காரர் பேரம் பேசுவார். "அவன் கம்மியா போடுறானே" என்பார். அவரிடம் முடிந்த விளிம்பு ஒன்றையும் மை தடவிய விளிம்பு ஒன்றையும் வைத்து, இரண்டின்மேலும் தின்னரில் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்துக் காட்டுங்கள். அதற்கு மேல் விளம்பரம் தேவைப்படாது. அவர் வீட்டு ஹாலிலும் தூசி இருக்காது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் அது மேலும் எடுபடும்.

கடைசியாகத் தம்பிமாருக்கு. மெஷின் வந்தால் நம் கை வேலை போய்விடும் என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். லைன் மெஷினுக்கு ஆள் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த மெஷினில் நிற்கப்போவது யார் என்பதில் அண்ணன்மார் இப்போதே ஒரு முடிவுக்கு வரவேண்டும். கம்ப்யூட்டர் படித்த வெளியூர்ப் பையனைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வரைபடம் போடுவதைச் சில வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். சக்கரம் கடிக்காமல் வழுக்கத் தொடங்கும்போது சத்தம் எப்படி மாறும், இந்தக் கல்லின் நரம்பில் எந்த இடத்தில் விளிம்பு பொரியும், 400 இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று விரல் நுனிக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம் வரைபடத்தில் வராது. அது வருஷக்கணக்கில் கையில் பேடு பிடித்தவனிடம் இருக்கிறது. ஷெட் அமைப்பதென்று நீங்கள் முடிவெடுத்தால், உங்கள் பாலிஷ் பையன்களில் இரண்டு பேரை ஓசூருக்கு என்னிடம் அனுப்புங்கள். தங்க என் அறை இருக்கிறது. அவர்கள் கிளம்புமுன் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன், மெஷின் ஓட்டுகிறவன்